தங்கையின் படத்தை வைத்து மிரட்டுகிறான்: முதலில் யாரிடம் போவது?

வாசகர் கேள்வி
ஆகஸ்ட் 3, 2025, இரவு 10.40

தங்கை கல்லூரி முதல் ஆண்டு. அவள் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து ஆபாசப் படத்தோடு ஒட்டி, அவள் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறான் எவனோ. பணம் தராவிட்டால் அப்பாவுக்கு அனுப்புவேன் என்கிறான். 1930-க்கு அடித்தால் போதும் என்று நண்பன் சொல்கிறான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. நாங்கள் ஐம்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால் கணக்கு போய்விடும்தானே?

ஆகஸ்ட் 3, இரவு 11.15

ஐம்பது பேரைக் கூப்பிடாதீர்கள் தம்பி. முதலில் அதை நிறுத்துங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

இன்றிரவு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பணம் அனுப்பாதீர்கள், நூறு ரூபாய்கூட வேண்டாம். கொடுத்தவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பான். அவனைத் திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பிளாக் செய்யும் முன் அந்தப் போலிக் கணக்கின் முழு முகவரியை (இணைப்பை) நகலெடுத்து வையுங்கள். கணக்கில் காட்டும் பெயர் மட்டும் போதாது, அதை அவன் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்வான். மிரட்டல் வந்த அரட்டையைத் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவன் போட்ட படங்களையும் எடுத்து வையுங்கள். தங்கை பயத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்ப்பாள். அவள் கணக்கும் அந்த அரட்டையும் அப்படியே இருக்கட்டும்.

அவளை இன்று தனி அறையில் படுக்க விடாதீர்கள். உங்கள் அம்மாவிடமாவது சொல்லி, பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் காலையில் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 4, காலை 6.30

ஐம்பது பேர் வேண்டாம் என்றதற்குக் காரணம். 2023-ல் என் அக்கா மகளுக்கு இதேதான் நடந்தது. அவள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். அப்போது அவளுக்கு வயது 19. இரவு பதினொன்றரைக்கு எனக்கு அழைப்பு. "சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. என்ன நடந்தது என்பதே அப்புறம்தான் வந்தது.

நான் மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாகப் பிறருக்கு விண்ணப்பமும் புகாரும் அடித்துக் கொடுக்கும் தொழில். நம்மால் முடியாததா என்று நினைத்து, எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் அவள் வகுப்புக் குழுவிலும் "இந்த ஐடியை எல்லோரும் ரிப்போர்ட் செய்யுங்கள்" என்று இணைப்பைப் போட்டேன். ரிப்போர்ட் செய்ய வேண்டுமென்றால் அதைத் திறந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்? திறந்தார்கள். அதுவரை அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மறுநாள் மதியத்துக்குள் அவள் வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. மிரட்டியவன் செய்யப் போவதாகச் சொன்னதை நானே என் கையால் செய்து கொடுத்துவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை விட, சரியான ஆள் சரியான பிரிவில் செய்தாரா என்பதுதான் கணக்கு. பாதிக்கப்பட்டவரே "என்னைப் போல் வேடம் போடுகிறார்கள்" என்ற பிரிவில் கொடுத்து, கேட்டால் அடையாள அட்டையையும் காட்டினால், ஐம்பது பேரின் புகாரை விட அந்த ஒன்றுக்கு எடை அதிகம்.

ஆகஸ்ட் 4, காலை 8.10

1930 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முக்கியமாகப் பண மோசடிக்கான எண். பணம் போய்விட்டால் வங்கிக் கணக்கை உடனே முடக்க அதுதான் வழி, அதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உங்கள் விஷயத்தில் இன்னும் பணம் போகவில்லை. நீங்கள் போக வேண்டியது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் அது என்ன ஆயிற்று என்று பின்னால் போய்ப் பார்க்க முடியாது. பெயர் கொடுத்துப் பதிவு செய்வதே நல்லது. வருகிற எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செல்லில் மட்டும் வைத்தால், விசாரணைக்கு செல்லை வாங்கிக்கொண்டு போகும்போது எண்ணும் சேர்ந்து போய்விடும்.

நேரில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டில் இப்போது மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயும் புகாரை வாங்க வேண்டும். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. எழுதிக் கொடுத்த மனுவுக்கு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆகஸ்ட் 4, மாலை 5.50

நிறுத்துங்கள். நேற்றிரவு நான் சொன்னதில் ஒன்று தவறு, பெரிய தவறு.

கல்லூரி என்றதும் 18 ஆகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தங்கைக்கு நவம்பரில்தான் 18 என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை. படங்களை எடுத்து வையுங்கள் என்றேனே, அது கூடாது. ஒட்டு வேலை செய்த படமாக இருந்தாலும் குழந்தை போலத் தோன்றினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அது குழந்தை ஆபாசப் படம்தான். 2019-ல் வந்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதைச் சேமிப்பதும் இன்னொருவருக்கு அனுப்புவதும் உங்களையே சிக்கலில் மாட்டும். போன வருடம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தனியாகப் பார்ப்பதும் பதிவிறக்குவதும் மட்டும் குற்றமாகாது என்று சொன்னது. செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. அதை ஆபாசப் படம் என்று சொல்லாதீர்கள், குழந்தையைச் சுரண்டித் துன்புறுத்திய பதிவு என்று சொல்லுங்கள் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. எனக்கு அந்த வரி பிடித்தது. சொல்லை மாற்றினால் குற்றம் யாருடையது என்பது வெளிச்சமாகிறது.

ஆக, உங்களுக்குத் தேவை கணக்கின் முகவரி, கணக்கின் பெயர், பார்த்த நாள், நேரம், மிரட்டல் எழுத்துகள். இவ்வளவுதான். படம் தங்கையின் செல்லில் அவன் அனுப்பியதாகவே கிடந்தால் அதைத் தொடாமல், யாருக்கும் அனுப்பாமல், செல்லோடு காவல் துறையிடம் காட்டுங்கள். நண்பர்களிடம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இப்போதே அழிக்கச் சொல்லுங்கள்.

1098-க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான எண், 24 மணி நேரமும் உண்டு.

ஆகஸ்ட் 4, இரவு 9.20

போக்சோ என்றதும் தங்கை பயந்துவிட்டாள், காவல் நிலையத்தில் உட்கார வைத்து நூறு பேர் முன் கேட்பார்களா என்று கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். அவளுடைய வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி வர வேண்டும், உதவி ஆய்வாளர் பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. வருகிறவர் சீருடையில் இருக்கக் கூடாது. அவள் நம்புகிற ஒருவர் கூடவே இருக்கலாம். அவள் பெயர், படம், கல்லூரி எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. இவை அதே சட்டத்தின் 23, 24, 26 பிரிவுகளில் இருக்கின்றன. பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண் சொல்லிக் கேட்பவரிடம் பேசுகிற தொனி வேறாக இருக்கும், பதினாறு வருடத்தில் பலமுறை பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. "யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்வோம்" என்பது உங்கள் முன் இருக்கும் வழிகளில் ஒன்றே அல்ல. அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், தம்பி.

ஆகஸ்ட் 6

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், உதவுமா பாருங்கள்.

அத்தான் கோபக்காரர். அவரிடம் எப்படிப் போவது என்று நானும் அக்காவும் இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் சாப்பிடவில்லை. அவன் கையில் இருந்த ஆயுதம் படம் அல்ல. "உங்க அப்பாவுக்கு அனுப்புவேன்" என்ற அந்த ஒரு வரிதான். மூன்றாம் நாள் காலை அத்தான் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நானே போய்ச் சொன்னேன். "ஒருத்தன் நம்ம பொண்ணு முகத்தை வெட்டி ஒட்டி மிரட்டுறான். அவ மேல தப்பு எதுவும் இல்ல. நீங்க கத்தினா அவன் ஜெயிச்சுடுவான்." அவ்வளவுதான். அத்தான் வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "இட்லி வாங்கிட்டு வரட்டுமா" என்றார். அவள் அன்றுதான் சாப்பிட்டாள்.

அவருக்குத் தெரிந்த பிறகு அவனிடம் மிரட்ட எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் மூன்று நான்கு செய்தி அனுப்பினான், அப்புறம் நின்றுவிட்டது.

எல்லா அப்பாக்களும் அத்தான் போல் இருக்க மாட்டார்கள், தெரியும். அடிக்கிற அப்பா என்றால் அவரிடம் முதலில் போகக் கூடாது. பெரியப்பா, தாய்மாமா, ஓர் ஆசிரியை என்று வீட்டில் எடுபடுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது 1098-இல் சொல்லி அவர்களை வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 6, பின் குறிப்பு

செல்லைப் பிடுங்கி வைக்கச் சொல்லி உங்கள் அத்தை சொன்னார்களாம். வேண்டாம். அவளுக்கு அது தண்டனையாகத்தான் படும். அடுத்த முறை ஏதாவது நடந்தால் வீட்டில் வாயே திறக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 11

படத்தை நீக்குவது பற்றி இனி விரிவாக. இரண்டு பேர் இதைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் எனக்கே புரியாமல் இருந்த ஒன்று. செயலிக்குள் இருக்கும் ரிப்போர்ட் பட்டன் வேறு, குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கொடுக்கும் புகார் வேறு. அக்கா மகள் விஷயத்தில் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு நான்கு நாள் காத்திருந்தேன். "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய சமூக ஊடக நிறுவனமும் இந்தியாவில் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். நிர்வாணப் படம், அந்தரங்கப் படம், வேறொருவர் போல் நடிப்பது, மார்பிங் செய்தது என்று புகார் போனால், இந்த 2025 நிலவரப்படி 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம், ஆகவே அண்ணனாகிய நீங்களே கொடுக்கலாம். எந்த விதி, எத்தனை மணி நேரம் என்று புகாரிலேயே எழுதுங்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்த மறுநாள் மாலை அந்தக் கணக்கு இல்லை.

அவர்கள் பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்றே மத்திய அரசு 2023-ல் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்திருக்கிறது. எல்லாம் இணையத்திலேயே முடியும்.

தமிழில் வரும் வசவை இந்த நிறுவனங்களின் இயந்திரங்கள் பல சமயம் பிடிப்பதில்லை, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் என்றால் இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எந்தச் சாதியையோ உறுப்பையோ குறிக்கிறது என்று கூச்சப்படாமல் விளக்கி எழுத வேண்டியிருந்தது எனக்கு. எழுதும்போது கை கூசியது. அப்படி எழுதிய பிறகுதான் நீக்கினார்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

இன்னும் பரவாத படம், பரவிவிடுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. 18 வயதுக்கு மேல் என்றால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம், 2021 டிசம்பரில் வந்தது. 18-க்குக் கீழே எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன், 2023 பிப்ரவரியில் வந்தது. இரண்டும் இலவசம். இரண்டிலும் படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை. உங்கள் செல்லிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்வரிசை உருவாகிறது, அது மட்டும்தான் போகிறது. சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் அந்த எண்வரிசையை வைத்துப் பிடிக்கிறார்கள். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் இரண்டும் இதில் உண்டு.

இதை ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று நான் முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழுசாகச் சரியில்லை. படத்தை வெட்டினாலோ மேலே எழுத்து ஒட்டினாலோ கைரேகை மாறிவிடலாம், அந்த வடிவத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். வெளியார் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த தனி அரட்டைகளுக்குள் இது எட்டாது. அங்கே ரிப்போர்ட்தான். வாட்ஸாப்பில் ஒரு எண்ணை ரிப்போர்ட் செய்தால் அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் அவர்களுக்குப் போகும். ஆகவே மிரட்டல் வந்த சூட்டோடு, அதற்கு மேல் ஏதேதோ பேசிக்கொண்டிராமல், ரிப்போர்ட் செய்துவிடுவது நல்லது.

ஆகஸ்ட் 24

"என் தங்கைக்கு ஆனதை ஊரறியச் செய்துவிட்டு, அப்புறம் என்ன நீதி?" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறையே வெளியில் சொன்னது. அதைப் பார்த்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்களோ. உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஆனால் அதே வழக்கின் மறுபாதியையும் பாருங்கள். இந்த வருடம் மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. விசாரணை மூடிய அறையில் நடந்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சி ஆகவில்லை. அந்தப் பெண்கள் ஆறு வருடம் அசையாமல் நின்றிருக்கிறார்கள்.

போன மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகளை 48 மணி நேரத்துக்குள் நீக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நீக்க நீக்க வேறு தளங்களில் அது முளைத்தது என்பதும் உண்மை. சட்டம் தெரிந்த ஒருவருக்கே இந்தப் பாடு. அதனால்தான் ஒரு கதவு திறக்குமென்று காத்திருக்காமல் எல்லாக் கதவையும் ஒரே நாளில் தட்டச் சொல்கிறேன்.

செப்டம்பர் 9

ஆண்களுக்கு இது வராது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். என் கடைக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வு பெற்றவர், ஊரில் மதிப்புள்ள மனிதர். கடையில் ஆள் போகும்வரை வெளியே நின்றார். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு, எடுத்தால் எதிரே ஆடையில்லாத பெண், சில நொடிகள்தான். அதைப் பதிவு செய்து பணம் கேட்டிருக்கிறார்கள். பிறகு "டெல்லி போலீஸ் பேசுகிறோம், வீடியோவை நீக்கத் தொகை கட்டுங்கள்" என்று இன்னோர் அழைப்பு. இரண்டும் ஒரே கூட்டம்தான். 40,000 ரூபாய் போயிருந்தது. அவருக்கு நான் முதலில் போட்டது 1930.

படிவத்தை நிரப்பும்போது "எனக்கு வாழப் பிடிக்கலம்மா" என்றார், சாதாரணமாகச் சொல்வது போல. நான் தட்டச்சை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்து "அய்யா, சாகணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று முன்பு நினைத்திருந்தேன், அது தவறு. கேட்டதும் அழுதார். டீ வாங்கிக் கொடுத்து 14416-க்கு அடித்தேன். அது மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அரை மணி நேரம் பேசினார். பிறகு அவர் மகனை வரச் சொல்லி, அவனோடு அனுப்பி வைத்தேன்.

இந்த மூன்று எண்களையும் கணினிக்கு மேலே தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 30

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து செய்தி. போலிக் கணக்கு ஆகஸ்ட் 13-ஆம் தேதியே போய்விட்டது. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது, பிரதியை இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் போன இடத்தில் "எதுக்கு போட்டோ போட்ட?" என்று கேட்டவர் ஒருவர். பிரிவு எண் எழுதிய தாளைத் தம்பியின் அப்பாவே எடுத்து நீட்டினாராம். அப்பாவே! நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

தங்கையின் ரீல்ஸில் இப்போது ஒரே சோகமும் சாவுமாக வருகிறதாம். பயந்த நாட்களில் அவள் அப்படிப்பட்டவற்றில் நின்று நின்று பார்த்திருப்பாள், செயலி அதைப் பிடித்துக்கொள்ளும். அமைப்புகளில் பரிந்துரைகளை முதலிலிருந்து தொடங்க வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். பிறகு அவளும் நீங்களும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவளுக்குப் பிடித்ததையே தேடிப் பாருங்கள். என் அக்கா மகள் பூனை வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். இன்றுவரை அவள் முகப்புப் படம் அவள் வீட்டுப் பூனைதான், அத்தானுக்கே அதில் பெருமை.

அக்டோபர் 19

மன்னார்குடிப் பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் வரலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வாருங்கள். நாளை தீபாவளி, கடை இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குத் திறப்பேன், காலையில் கூட்டம் இருக்காது. இந்த வகைப் புகாருக்குக் காசு வாங்குவதில்லை. கணக்கின் முகவரி, தேதி, நேரம் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நம்புகிற ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள். படம் வேண்டாம், நான் பார்க்கத் தேவையில்லை.